ரசமட்டமும் வலது தட்டும்

என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. என்னைப் பற்றி வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். வாய் நீளம், முன்கோபி, சொன்ன தேதியில் படகைத் திருப்பித் தர மாட்டான், எல்லாம் உண்மைதான். ஆனால் நான் பூட்டிய போல்ட்டைப் பார்த்து ‘இது சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போய்விடுவேன். அப்படிச் சொன்னவர் என் அக்காவின் கணவர். அவரோடு ஒரு மாதத்துக்கு மேல் மல்லுக்கட்டினேன்.

அத்தான் படகு ஓட்டுபவர். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மோட்டார் படகு. கூரை போட்டது, இரண்டு பக்கமும் நீளவாக்கில் இருக்கை, நடுவில் பெட்டிக்குள் டீசல் இன்ஜின். அந்தக் கரையில் ஆலையும் கல்லூரியும் இருப்பதால் காலையில் நிற்கக்கூட இடம் இருக்காது. நான் துறைக்குப் பக்கத்திலேயே படகுப் பட்டறை வைத்திருக்கிறேன். அவர் ஓட்டுவார், நான் பழுது பார்ப்பேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் என்பதால் இலவசமாகப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்வார், பெண்ணைக் கொடுத்ததே பெரிய இலவசம் என்று நான் சொல்வேன். இருபது வருஷமாக இதே பேச்சுத்தான்.

துறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரசமட்டம்’ என்பார்கள். கொத்தனார் சுவர் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வைப்பாரே, நடுவில் ஒரு குமிழ் ஓடும் கட்டை, அதுதான். டீக்கடைக்குள் நுழைந்ததும் “அந்த அலமாரி இந்தப் பக்கம் இறங்கியிருக்கு” என்பார். கடைக்காரர் முனகிக்கொண்டே அளந்து பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மேடையைப் பார்த்து முகம் சுளிப்பார். படகில் எடை ஒரு பக்கம் ஏறிவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார், சக்கரத்தைப் பிடித்தபடியே, “அந்த மூட்டையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்துங்க” என்பார். எப்படி அத்தான் தெரியும் என்று கேட்டால் இடுப்பைத் தட்டிக் காட்டுவார்.

“தண்ணில கண்ணு ஏமாத்தும் மாப்ளே. இடுப்பு ஏமாத்தாது.”

அது வெறும் பீற்றல் இல்லை. அவர் படகில் மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே போவார்கள். அதனால்தான் நேர் கோணல் விஷயத்தில் அவரை எதிர்த்து யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அக்கா உட்பட.

போன வருஷம் படகைக் கரையேற்றி, அடிக்குப் புதுப் பூச்சுப் பூசி, பின்பக்கம் ட்ரிம் டேப் பூட்டினேன். பட்டறையில் அதற்குத் ‘தட்டு’ என்றுதான் பெயர். படகின் பின்பக்கம் அடியோரமாக, இடது ஓரத்தில் ஒன்று வலது ஓரத்தில் ஒன்று, கதவு மாதிரி கீல் வைத்த இரண்டு இரும்புத் தகடு. ஓட்டுபவர் பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன பம்ப் எண்ணெயைத் தள்ளி, தகட்டைக் கீழே சாய்க்கும். படகு ஓடும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி அந்த மூலையை மேலே தூக்கும். இரண்டையும் இறக்கினால் மூக்கு தாழ்ந்து படகு மட்டமாகப் பாயும். ஒன்றை மட்டும் இறக்கினால் அந்தப் பக்கம் ஏறும், எதிர்ப்பக்கம் இறங்கும். எடை ஒரு பக்கம் கூடிவிட்டால் இப்படிச் சரிசெய்துகொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொத்தான்களை மாற்றித்தான் பூட்ட வேண்டும். இடது பொத்தானை அழுத்தினால் வலது தட்டு இறங்கும். ஏன் என்றால் ஓட்டுபவர் தட்டைப் பற்றி யோசிக்கவே கூடாது. இடது பக்கம் தூக்கியிருக்கிறதா, இடது பொத்தானை அழுத்து, இடது பக்கம் இறங்கும், அவ்வளவுதான். இது தெரியாமல் ஒயரை ‘நேராக’ மாற்றி மாட்டிப் படகைக் கவிழ்க்கப் பார்த்த மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். பொத்தானுக்கு மேலே பக்கத்துக்கு ஒரு வரிசையாகச் சின்ன விளக்குகள். தட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அது காட்டும். தட்டு தண்ணீருக்கடியில் இருப்பதால் அந்த விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்காமல் ஓட்டினால் ஆபத்து.

தட்டு பூட்டிய அன்று அத்தானும் பட்டறையில் கூட இருந்தார். மத்தியானம் திடீரென்று தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார், அப்படியே வாந்தி எடுத்தார். தகரக் கூரை, நல்ல வெயில், போதாததற்குப் பூச்சில் கலக்கும் ரெசின் நெடி. எனக்கே மண்டை கிறுகிறுக்கும். வாசலில் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சாயங்காலம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து, சரியாகிவிட்டது என்றார். இரண்டு நாள் ஓய்வு எடுத்துவிட்டுப் படகைத் தண்ணீரில் இறக்கினார்.

முதல் நாள் முடிந்து வரும்போதே முகம் சரியில்லை.

“மாப்ளே, என்னத்தடா பூட்டி வச்சிருக்க? இந்த போட்டு வலது பக்கம் சாயுது.”

“அதுக்குத்தானே அத்தான் பொத்தான். இடதை அழுத்துங்க, நேராயிடும்.”

“அழுத்தினேன். நேராச்சு. ஆனா ஏன் சாயணும்? முன்னாடி சாயலியே.”

நியாயமான கேள்வி. நானும் படகைக் கட்டிப்போட்டுவிட்டு ஆராய்ந்தேன். வலது தட்டு லேசாக வளைந்திருக்குமோ, கீல் இறுகியிருக்குமோ, இல்லை எண்ணெய் கசிகிறதோ. ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று கீலுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். மறுவாரம் இன்னும் மோசம் என்றார். பம்பைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். அதற்கடுத்த வாரம் விளக்கு வரிசையில் வலது தட்டுக்குப் பாதி விளக்கு எரிகிறது, அப்போதுதான் படகு நேராக நிற்கிறது என்றார். பொத்தானைத் தப்பாகப் புரிந்துகொண்டு அழுத்துகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அதைக் கேட்டது பெரிய குற்றமாகிவிட்டது.

“எனக்கு இடது வலது தெரியாதுங்கிறியா?” என்று என் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினார். “உன் அக்காவக் கட்டினதுல இருந்து உனக்கு வாய் கூடிப்போச்சு.”

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை குறைந்துபோனது. தெருவில் சேர்ந்து நடந்தாலும் முறைப்புத்தான். அதிலும் அவர் நடக்கும்போது இடப்பக்கமாக வந்து வந்து என்மேல் இடிப்பார். “என்ன அத்தான், ரோட்டை அளக்கிறீங்களா?” என்று ஒரு நாள் கேட்டேன். குடிப்பழக்கம் இல்லாத மனுஷன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ரோடு சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் வந்தது அந்தச் சனிக்கிழமை.

எதிர்க்கரையில் ஒரு இன்ஜின் வேலை முடித்துவிட்டு, மத்தியானம் அவருடைய படகில்தான் திரும்பினேன். காற்று கடல் பக்கமிருந்து எழும்பியிருந்தது. படகு நிறைய ஆள். நான் முன்னால் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். ஏறும்போதே ஒன்றைக் கவனித்தேன். இடது இருக்கை பாதி காலி, வலது இருக்கையில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். விளக்கைப் பார்த்தேன். வலது தட்டின் கடைசி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முழுசாக இறக்கி வைத்திருக்கிறார்.

“அத்தான், அலை பின்னால இருந்து வருது. தட்டைத் தூக்குங்க. இப்படி இறக்கி வச்சா மூக்கு குத்தும்.”

“தூக்கினா சாயுதுடா.”

“சாஞ்சாலும் பரவாயில்ல, தூக்குங்க.”

“நீ ஒழுங்காப் பூட்டியிருந்தா நான் ஏன்டா இறக்கப்போறேன்?”

அந்த வார்த்தை முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு பெரிய அலை எங்கள் பின்பக்கத்தைத் தூக்கியது. படகின் மூக்கு இடது ஓரமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. அதே நேரத்தில் யாரோ வலது பக்கம் பிடித்து இழுத்த மாதிரி மூக்கு சடாரென்று வலது பக்கம் திரும்பியது, படகு இடது பக்கம் படுத்தது. வலது இருக்கையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சரிந்து இடது பக்கம் வந்து விழுந்தார்கள். ஜன்னல் வழியாகப் பச்சைத் தண்ணீர் உள்ளே வந்தது. யாரும் கத்தவில்லை. கத்தக்கூட நேரமில்லை. நான் தொங்கிக்கொண்டிருந்த கம்பி என் தலைக்கு மேலே இல்லை, பக்கவாட்டில் இருந்தது. முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

அத்தான் வேகத்தைச் சட்டென்று குறைத்தார். அதற்கு மட்டும் அவரைக் கும்பிட வேண்டும். நான் எட்டி இரண்டு பொத்தானிலும் தட்டைத் தூக்கினேன். படகு ஒரு நொடி யோசித்தது. பிறகு எழுந்து நின்றது. ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு மோவாய் கிழிந்திருந்தது. ஒரு பெரியவர் கண்ணாடியைத் தேடித் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

துறைக்கு மெதுவாக வந்து சேர்ந்தோம். கடைசி ஆள் இறங்குவதற்குள் அத்தான் என் பக்கம் திரும்பினார். “பார்த்தியா உன் தட்டு லட்சணத்த? அத்தனை பேரையும் கொன்னிருக்கும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மோவாய் கிழிந்த பெண்ணும் பார்த்தாள். ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் படகிலிருந்து இறங்கினேன். நான் பதில் சொல்லாமல் நகர்ந்தது அன்றைக்குத்தான்.

துறையில் கயிறு போடும் ஆள் என் பின்னாலேயே வந்தார். அத்தானோடு பல வருஷம் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். படகிலிருந்து எட்டிப்போனதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அண்ணே, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஒரு மாசமா போட்டு இடது பக்கமாத்தான் சாஞ்சு ஓடுது.”

“வலது பக்கம்னுல்ல சொல்றாரு?”

“அவர் அப்படித்தான் சொல்றாரு. ஆனா இடதுல உட்கார்ந்தா தண்ணி முகத்துல அடிக்குது. அதான் ஜனங்க எல்லாம் வலது பக்கமா வந்து உட்கார்ந்துக்கிறாங்க. நானும் மூட்டையெல்லாம் வலதுலதான் அடுக்குறேன். அப்படிச் செஞ்சாத்தான் கொஞ்சம் நேரா வருது.”

“அதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“ரசமட்டத்துக்கிட்ட போய் போட்டு கோணலா ஓடுதுன்னு எப்படிண்ணே சொல்றது?”

அங்கேயே ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள். இவர் வலது பக்கம் சாய்வதாக நினைத்து வலது தட்டை இறக்குகிறார். அதனால் படகு இடது பக்கம் சாய்கிறது, இவருக்கு அது நேராகத் தெரிகிறது. ஜனங்கள் தாங்களாகவே வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து படகை நிமிர்த்துகிறார்கள். நிமிர்ந்ததும் இவருக்கு மறுபடி சாய்வதாகத் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் இறக்குகிறார். அவர்கள் இன்னும் நெருங்கி உட்காருகிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் வைத்த மரியாதையில், கடைசி விளக்குவரை வந்துவிட்டார்கள். என் தட்டின் மேல் தப்பே இல்லை. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பட்டறைக்குப் போய் நிஜமான ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஜனங்கள் போய்விட்டிருந்தார்கள். படகு துறையோரம் அசையாத தண்ணீரில் கட்டிக் கிடந்தது. அத்தான் இன்ஜின் பெட்டிப் பக்கத்தில் நின்று, பின்பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எப்படி இருக்கு அத்தான்? நேரா, கோணலா?”

“இப்பவே வலது பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கு பாரு. ஆளே இல்ல, தட்டும் மேல. அப்பவும் சாயுது.”

கட்டையைத் தரையில் குறுக்காக வைத்தேன். குமிழ் நடுவில் போய் நின்றது. இருக்கையில் வைத்தேன். நடுவில். பெட்டியின் மேல் வைத்தேன். நடுவில். அத்தான் குனிந்து பார்த்தார்.

“உன் கட்டை கெட்டுப்போச்சு.”

கட்டையின் இடது முனை வலது பக்கம் வரும்படி திருப்பி வைத்தேன். குமிழ் அசையவில்லை. கட்டை கெட்டுப்போயிருந்தால் திருப்பினதும் குமிழ் மறுபக்கம் ஓடும், அது அவருக்கும் தெரியும். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. சட்டென்று அதைத் துடைத்துப்போட்டுவிட்டு, “அப்ப இன்ஜின்தான் ஒரு பக்கம் இறங்கியிருக்கணும். பெட்டியத் திற,” என்றார்.

அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. பெட்டியைத் திறந்தேன். இன்ஜினைத் தாங்கும் ரப்பரைப் பார்க்க வேண்டுமானால் புகைக் குழாயைச் சுற்றியிருக்கும் தடித்த துணியை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்துவிட்டுக் குனிந்து, விளக்கை அடித்துப் பார்த்தேன். இன்ஜினை நிறுத்தி அதிக நேரம் ஆகவில்லை, அனல் முகத்தில் அடித்தது. அத்தான் எனக்கு எதிரில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்.

“நான் உன்னைத் திட்டணும்னு திட்டலடா. அத்தனை பேர் உசுரு. ஒரு பொண்ணுக்கு முகத்துல ரத்தம். நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட சக்கரத்தப் பிடிப்பேன்…”

ஏதோ முடி கருகும் வாடை. துணி ஏதாவது பட்டுவிட்டதா என்று நிமிர்ந்தேன்.

அவருடைய வலது முன்னங்கை அந்தக் குழாயின் மேல் இருந்தது. சாய்மானத்துக்கு வைக்கிற மாதிரி, சாவகாசமாக, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வைத்திருந்தார். தோல் சுருங்கி வெளுத்துக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

நான் கத்தினேனா, கையைப் பிடித்து இழுத்தேனா, எது முதலில் என்று இப்போதும் சொல்ல முடியாது. இழுத்ததில் அவர் பின்னால் சாய்ந்து இருக்கையில் மோதினார். “என்னடா, பைத்தியமா உனக்கு?” என்றார். நான் அவர் கையை அவருக்கே தூக்கிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். இடது விரலால் அந்தப் புண்ணின் ஓரத்தைத் தொட்டார். பிறகு அழுத்தினார். அதைப் பார்க்க முடியாமல் என் பல் கூசியது.

“வலிக்கலியே,” என்றார்.

பச்சைத் தண்ணீர் ஜன்னலில் வந்தபோதுகூட அப்படிப் பயந்திருக்கமாட்டேன். பக்கத்தில் நெருங்கி அவர் முகத்தைப் பார்த்தேன், ஒரு மாதமாக முறைத்துக்கொண்டே பார்த்த முகத்தை. இடது கண்ணின் இமை வலதை விடத் தாழ்ந்து கிடந்தது. இது எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரிக்கு வா என்று மட்டும் சொன்னேன். கையில் கட்டுப் போட்டு, தலையைப் படம் எடுத்து, உள்ளே ஒரு கட்டிலில் அத்தானை உட்காரவைக்கும் வரை அக்கா கூடவே நின்றாள். அப்புறம் மருத்துவர் அம்மா கேள்வி கேட்க ஆரம்பித்ததும்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குளிக்கிற தண்ணீர் கொதித்தாலும் வலது பக்கம் சூடு தெரியவில்லை என்பாராம். ஒரு மாதமாகவா என்று மருத்துவர் கேட்டார். ஆமாம் என்றாள் அக்கா. சாப்பாட்டு மேஜைக்கு வலது கால் குட்டை என்று சொல்லி அட்டையை மடித்து வைத்தாராம். மறுநாள் இன்னொரு அட்டை. அதன் மேல் வைத்தால் சாப்பாட்டுத் தட்டு நிற்காமல் நழுவும். அவர் வேலைக்குப் போனதும் அக்கா அட்டையை எடுத்துவிடுவாள், வருகிற நேரத்துக்கு மறுபடி வைத்துவிடுவாள்.

“ஏன் அக்கா அவர்கிட்ட சொல்லல?” என்றேன்.

“அவர் நேரா இருக்குன்னு சொன்னா நேராத்தான்டா இருக்கும்,” என்றாள்.

மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். மூளையின் பின்பக்கம், கழுத்துக்கு மேலே, ஒரு மெல்லிய ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. அன்றைக்குப் பட்டறையில் தலை சுற்றி வாந்தி எடுத்தாரே, அதுதான். வெயிலும் இல்லை, ரெசினும் இல்லை. உடம்பு எது நேர், எது சாய்வு என்று உணருவது அந்த இடத்தில்தான். சூடு குளிர் உணர்வும் அந்த வழியாகத்தான் மூளைக்குப் போகும், இமை தாழ்ந்ததும் அதனால்தான். மருந்தும் பயிற்சியும் கொடுத்தால் சாய்வு மெல்ல மெல்லச் சரியாக வாய்ப்பு உண்டு. ஆனால் இன்னொரு முறை அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. இன்றிலிருந்து படகைத் தொடக்கூடாது.

அத்தான் தலையை ஆட்டினார். ஒத்துக்கொள்ளும் ஆட்டல் இல்லை.

“கை விஷயம் சரிங்கம்மா. கை மரத்துப்போச்சு, ஒத்துக்குறேன். மருந்து கொடுங்க. ஆனா சாய்வு என்னோடது இல்ல. அது போட்டோடது. என் இடுப்பு எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலைல ஆலைக்கு ஆள் போகணும்.”

இவர் போவார். நிச்சயம் போவார். நான் சாவியை ஒளித்தாலும் போவார். அத்தனை பேரும் ஏறி, வலது பக்கமாக நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள்.

மருத்துவர் வாதாடவில்லை. நர்ஸிடம் ஏதோ சொன்னார். அவர் ஒரு வாளியைக் கொண்டுவந்தார். பெரிய மிஷின் ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த நான் அசந்துபோனேன். குளியலறையில் இருக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் வாளி. உள்ளே அடிப்பக்கம் குறுக்காக ஒரே ஒரு கறுப்புக் கோடு.

“ஐயா, இதுக்குள்ள முகத்த வச்சு அந்தக் கோட்டைப் பாருங்க. வெளில எதுவும் தெரியாது. நான் வாளியச் சுத்திவிடுவேன். நீங்களே திருப்பி, கோடு செங்குத்தா நிக்கும்போது நிறுத்துங்க.”

“இது என்னங்கம்மா சின்னப்பிள்ளை விளையாட்டு,” என்றார் அத்தான். ஆனால் மருத்துவர் படுக்கவாட்டில் பிடித்த வாளிக்குள் முகத்தை வைத்தார். மருத்துவர் வாளியைத் தாறுமாறாகச் சுற்றினார். அத்தான் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, மெதுவாக, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருப்பினார். அவர் சக்கரத்தைப் பிடிக்கும் கை அது. அந்த நிதானத்தை நான் எத்தனை தரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடைசியில் நிறுத்தினார்.

“இப்ப. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு.”

“நல்லா தெரியுதா?”

“இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாதுங்கம்மா.”

மருத்துவர் வாளியைத் துளிகூட அசைக்காமல் தாங்கிக்கொண்டு, அத்தானைப் பின்னால் நகரச் சொன்னார். அக்காவும் நானும் குனிந்து உள்ளே பார்த்தோம்.

கோடு இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. காற்றில் விழப்போகிற வேலிக்கம்பம் மாதிரி. அக்காவின் கை என் சட்டையைப் பற்றியது. மருத்துவர் மறுபடி சுற்றிக் கொடுத்தார். அத்தான் மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார். மூன்றாவது முறையும் அதே இடம். தப்பிலும் அவருக்குக் கை பிசகவில்லை.

அத்தான் எங்கள் முகத்தைப் பார்த்தார். முதலில் என்னை. நான் சொன்னால் நம்பமாட்டார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

“நீ சொல்லு. நேரா இருக்கா இல்லையா?”

அக்கா என் சட்டையை விடவில்லை. அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். சுவரில் ஆணி அடித்தாலும், சமையலறையில் அலமாரி மாட்டினாலும், அவர் கேட்பார், இவள் இருக்கு என்பாள். உண்மையிலேயே இருக்கும். அதனால் வேறு பதில் சொல்லிப் பழக்கமே இல்லை.

“இல்லைங்க,” என்றாள்.

“எவ்வளவு?”

அவள் கையை நேராக நிறுத்தி, பிறகு சாய்த்துக் காட்டினாள். அத்தான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது. அவர் கேட்டது தன் தலையைப் பற்றி இல்லை.

“ஒரு மாசமா ஜனங்கள அப்படியாடா கூட்டிக்கிட்டுப் போனேன்?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“ஒருத்தர்கூட சொல்லலியே.”

“நீங்க ஓட்டுறீங்கன்னு நம்பிட்டாங்க அத்தான்.”

அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே இடது பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தார். அவருக்கு அது தெரியவில்லை. அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தோளையும் பிடித்து அவரை நிமிர்த்தினாள்.

அவர் பதறிப்போய்க் கட்டில் கம்பியைப் பற்றினார். “விழுறேன். வலது பக்கம் விழுறேன், விடு.”

“விழல. இப்பதான் நேரா இருக்கீங்க,” என்றாள் அக்கா.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ஆனால் அவள் நிறுத்திய இடத்தை விட்டு அவர் அசையவில்லை.